இருபது நிமிடக் குழாய்

ஹவுஸ் சர்ஜன்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லும் வழக்கம் மருத்துவக் கல்வியில் இப்போது பரவிவிட்டது. மற்றத் துறை மாணவர்களோடு சேர்ந்து படித்தால் நோயாளிக்கு நன்மை உண்டா, செவிலியரின் வேலை மருத்துவருக்கு ஒத்தாசை செய்வது மட்டும்தானா என்றெல்லாம் அதில் வரிசையாகக் கேட்டிருப்பார்கள். 1999-இல் இங்கிலாந்தில் பார்செல், பிளை என்ற இருவர் தயாரித்த, 19 கேள்விகள் கொண்ட தாள் பல நாடுகளில் புழங்குகிறது. நானும் அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் நல்ல பதிலையே டிக் செய்கிறார்கள். அதில் பொய் இல்லை. பகல் பதினோரு மணிக்கு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மனதார நம்புவதைத்தான் அந்தப் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இரவு இரண்டு மணிக்குக் கேஷுவாலிட்டியில், மருந்து ஏற்றப்போகும் நேரத்தில், வார்டு ஆயா ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பையனின் கை நிற்குமா? இதை எந்தத் தாளிலும் கேட்க முடியாது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் உண்டு. அப்படி நின்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரைக்கால் சின்ன ஊர். மாவட்டம் மொத்தமும் சேர்த்தே சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேர். நிர்வாகம் புதுச்சேரியிலிருந்து நடக்கிறது. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர், மேற்கே பேரளம். இவ்வளவு சிறிய இடத்தில் 1990-களில் தொடங்கிய ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2016-இல் ஜிப்மர் தன் கிளைக் கல்லூரியை இங்கே தொடங்கியது. பழைய அரசுப் பொது மருத்துவமனையும் உண்டு. ஆகவே ஊரின் அளவுக்குப் பயிற்சி மருத்துவர்கள் அதிகம். நீட் எழுதி இந்தியாவின் பல மூலைகளிலிருந்து வருகிறார்கள். பலருக்குத் தமிழ் தெரியாது. வந்த முதல் மாதங்களில் அவர்களுக்கு நோயாளியின் கதையைச் சொல்வது வார்டு ஆயாவும் சிஸ்டரும்தான். எந்த மருத்துவனுக்கும் முதல் பாடம் நோயாளியின் கதை. அந்தப் பாடத்தையே இன்னொருவர் வாயிலிருந்து வாங்கித்தான் இவர்கள் தொழிலைத் தொடங்குகிறார்கள். இதை அவர்கள் உணர்வதற்குச் சில மாதங்கள் பிடிக்கின்றன.

ஏன் பிடிக்கின்றன என்று யோசித்தால் எனக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில்லை. பதினைந்து பதினாறு வயதிலிருந்து, பக்கத்து பெஞ்சில் இருப்பவன் உன் ரேங்கைப் பறிக்கப்போகிறவன் என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். தனியாகப் படித்து, தனியாக எழுதி, தனியாக ஜெயித்து வந்து நிற்கிறார்கள். ஹவுஸ் சர்ஜன் வருடத்திலும் அது விடுகிறதா என்றால் இல்லை. பி.ஜி. நுழைவுத்தேர்வு தலைக்கு மேல் தொங்குகிறது. வார்டு மூலையில் நின்று போனில் கேள்விகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் பையனுக்கு, எதிர்க் கட்டிலில் சலைன் மாற்றும் சிஸ்டர் தன் படிப்பின் ஒரு பகுதி என்று எப்படித் தோன்றும்?

2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் மருத்துவப் பட்டதாரிக்கு ஐந்து பொறுப்புகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று, மருத்துவக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருப்பது. தலைவர் என்ற பாதியைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். உறுப்பினராக இருப்பது எப்படி என்று செய்து காட்டுகிறவர்கள் குறைவு. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் சிஸ்டரின் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டுவார். கேஸ் ஷீட் கைக்கு வரும். பின்னால் நிற்கும் இருபத்துமூன்று வயதுப் பிள்ளை அதையும் சேர்த்துத்தான் படிக்கிறது.

டெல்டாவில் இதற்கு மாற்றுப் பாடம் சொல்லித்தர, பாம்புக்கடியைவிடப் பொருத்தமான நோய் எனக்குத் தெரியாது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. எங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வயலில் வேலை செய்கிறவர்கள்: இரவு தண்ணீர் பாய்ச்சப் போனவர், வைக்கோல் போரில் கை விட்டவர், மழைக்காலத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தவர். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்திருந்தால் ரத்தம் உறையும் தன்மையை இழக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்திருந்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்து கட்டியாக நின்றால் சரி. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். மருத்துவக் கல்லூரி முதல் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை எங்கும் செய்யக்கூடிய பரிசோதனை இது.

செய்வது எளிது. ஆனால் இதைக் கெடுக்கவும் எளிது. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் கெடும். ஈரமாக இருந்தால் கெடும். யாராவது ஐந்தாவது நிமிடத்தில் எடுத்து ஆட்டிப் பார்த்தால் கெடும். எத்தனை மணிக்கு வைத்தோம் என்று எழுதாவிட்டால் பயனே இல்லை. இன்னொன்றும் உண்டு, அது பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக மட்டும் இருப்பது: சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயாக இருக்கக் கூடாது. கண்ணாடியின் சுவர்தான் ரத்தம் உறைவதைத் தூண்டிவிடுகிறது. சோப்பு அந்தத் தூண்டுதலைக் கெடுத்துவிடும். அப்புறம் விஷமே ஏறாதவரின் ரத்தமும் உறையாமல் நிற்கும். தேவையில்லாத மருந்து ஏறும். அந்த மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பி உயிருக்கு உலை வைக்கலாம்.

ஒரு ஐப்பசி இரவு திருநள்ளாறு பக்கத்திலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். காலில் இரண்டு பல் தடம், வீக்கம் கணுக்கால் தாண்டியிருந்தது. டியூட்டியில் கேரளத்துப் பையன். ரத்தத்தை எடுத்துவிட்டு மேசைமேல் இருந்த குழாயை எடுத்தான். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, அது வேணாம். மத்தியானம் சோப்பு போட்டுக் கழுவுனது. பாம்பு கேஸுக்கு அந்த டப்பாவுல புதுசு வெச்சிருக்கு பாருங்க.”

நான் கதவருகே இருந்தேன். பேசாமல் நின்றேன். பையன் ஒரு நொடி அவரைப் பார்த்தான். குழாயை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தான். “ஏன்க்கா?” என்று அவனுக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

“ஏன்னு எனக்கென்ன தெரியும். சோப்பு பட்டா ரத்தம் உறையாதுன்னு முன்னாடி இருந்த டாக்டரம்மா சொல்லிட்டுப் போனாங்க. அதுலேருந்து நாங்க தனியாத்தான் வெக்கிறோம்.”

அந்த டாக்டரம்மா மாற்றலாகிப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் சொன்னது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆயாக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி அந்த டப்பாவைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். படித்த நாங்கள் வருவோம், போவோம். மருத்துவமனையின் நினைவு அவர்களிடம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலியில், பெயர்கூட யாருக்கும் தெரியாமல் வேலை செய்கிற பெண்களிடம்.

அன்று ரத்தம் உறையவில்லை. பத்துக் குப்பி மருந்து ஏற்ற வேண்டும். அது பொடியாக வருவது. ஒவ்வொரு குப்பியிலும் தண்ணீர் விட்டு, குலுக்காமல், உள்ளங்கைக்குள் மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைக்கும். ஒருவரே பத்தையும் கரைத்தால் நேரம் போய்விடும். சிஸ்டர் நான்கை எடுத்துக்கொண்டார், மருந்தாளுநர் மூன்று, பையன் மூன்று. யார் டாக்டர், யார் யார் என்று அந்த ஐந்தாறு நிமிடத்தில் வெளியாள் ஒருவரால் சொல்ல முடிந்திருக்காது. நான் சும்மா இருக்கவில்லை, அட்ரினலினை ஊசியில் ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது பையனிடம் சொன்னேன்: இந்தியாவில் இந்த மருந்து செய்யத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பாம்பைக் கையால் பிடித்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறவர்கள். பள்ளிக்கூடம் பார்க்காத இருளர் ஒருவரின் கைப்பழக்கம் இல்லாவிட்டால் உன் கையில் இந்தக் குப்பி இருக்காது. அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் சுழற்றுவதை இன்னும் மெதுவாக்கினான்.

மருந்து ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து அதே குழாய்ப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஏற்றினால் மறுபரிசோதனை காலை எட்டு மணி. எட்டு மணி என்பது ஷிப்ட் மாறும் நேரம். இரவு டாக்டர் தூக்கக் கலக்கத்தில் கிளம்புவார், பகல் டாக்டர் அப்போதுதான் உள்ளே வருவார். ரத்தம் இன்னும் உறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நிமிடம் சரியாக அந்த இடைவெளிக்குள் விழுகிறது. குழு வேலையைப் பற்றி நான் நடத்தும் வகுப்பு முழுவதும் இந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான்.

இந்த இடத்தில் செவிலியரையும் பயிற்சி மருத்துவரையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். செவிலியர் ஹேண்டோவர் கட்டில் கட்டிலாக நடக்கிறது. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நோயாளியின் முன்னால் நிற்கிறார்கள். ரிப்போர்ட் புத்தகம் கையில் இருக்கிறது. எத்தனை பாட்டில் போயிருக்கிறது, சிறுநீர் எவ்வளவு, எட்டு மணிக்கு என்ன பாக்கி என்று வாயால் சொல்லி, எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். ஹவுஸ் சர்ஜன்களோ பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டே “ஏழாவது பெட் கொஞ்சம் பாத்துக்கோடா” என்று முடித்துவிடுவார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. நான் சொல்வதில் சில டாக்டர்களுக்கு வருத்தம் இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். பொறுப்பைக் கைமாற்றுவதில் எங்களைவிடச் செவிலியர்கள் நெடுந்தூரம் முன்னே இருக்கிறார்கள். அதைப் படிக்க அமெரிக்கப் பயிற்சி ஏடு எதையும் வரவழைக்க வேண்டியதில்லை. காலையில் அவர்கள் பக்கத்தில் போய் நின்றால் போதும்.

குழாய் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் இந்தக் குழுப் பாடத்தில் அடங்கும். கட்டுவிரியன் கடித்தால் ரத்தம் நன்றாகவே உறையும். கடித்த இடத்தில் வீக்கம்கூட இருக்காது. அதன் விஷம் நரம்பைப் பிடிக்கிறது. குழாயில் கட்டி நிற்பதைப் பார்த்து ஒரு பெண் ஹவுஸ் சர்ஜன் நிம்மதியாக “நார்மல்” என்று எழுதிவிட்டு அடுத்த கேஸுக்குப் போயிருந்தாள். நோயாளியின் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த நைட் சிஸ்டர் வந்து, “மேடம், அந்தப் பொண்ணு தூக்கக் கலக்கத்துல இல்ல. இமை தானா சரியுது. குரலும் ஒரு மாதிரி மாறிடுச்சு” என்றார். அந்த ஹவுஸ் சர்ஜன் அப்போது செய்ததை நான் எல்லா பேட்ச்சுக்கும் சொல்கிறேன். “டெஸ்ட் நார்மல்தானே சிஸ்டர்” என்று அவள் சொல்லவில்லை. எழுந்து போனாள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னாள். எண்ணிக்கை சீக்கிரமே நின்றுவிட்டது. உடனே மருந்து ஆரம்பித்து, மூச்சுக் குழாய் போடும் ஏற்பாட்டுடன் மயக்க மருத்துவரையும் கூப்பிட்டாள். அந்தப் பெண் பிழைத்து வீட்டுக்குப் போனாள். எழுதிய முடிவை இன்னொருவர் சொல்லுக்காக மீண்டும் திறந்து பார்ப்பது மிகக் கடினம், அதிலும் தேர்வுகளில் முதலாவதாக வந்து பழகியவர்களுக்கு.

2022 ஜூலை மாதத்தை இந்த ஊர் மறக்காது. வயிற்றுப்போக்கு நோயாளிகள் வரிசையாக வரத் தொடங்கி, காலராவும் உறுதியாகி, ஜூலை 3-ஆம் தேதி காரைக்காலில் பொது சுகாதார அவசர நிலையை அரசு அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளை மூடினார்கள். காலராவில் மருத்துவம் தெளிவானது: போகிற தண்ணீரைத் திரும்ப உள்ளே கொடுக்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன்கள் அதைச் சிறப்பாகச் செய்தார்கள், சோர்வு பார்க்காமல் செய்தார்கள். ஆனால் ஒரு டிரிப் கழற்றும்போது இரண்டு பேர் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் வந்து ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் தெருப் பெயரும் குடிதண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள் என்பதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். பலவற்றில் இல்லை. நாடித்துடிப்பு இருந்தது, ரத்த அழுத்தம் இருந்தது, தெரு இல்லை. அவர் கேட்ட பிறகு பிள்ளைகள் கட்டில் கட்டிலாகப் போய் விசாரித்து எழுதினார்கள். குழாய் உடைந்து சாக்கடை கலந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டியவர் பொதுப்பணித்துறை ஃபிட்டர். எங்கள் வார்டு காலியாவது அவர் கையில் இருந்தது. அதை அவர்கள் அந்த வாரம் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் கொடுக்க வேண்டிய உப்புச் சர்க்கரைக் கரைசலை ஆளுக்கு ஆள் அம்மாக்களுக்குக் கலக்கிக் காட்டினார்கள்.

அந்தக் கரைசலுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1971 வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்தன, ஆட்களும் போதவில்லை. திலீப் மஹலானபிஸ் என்ற டாக்டர் கரைசலைப் பெரிய பாத்திரங்களில் கலக்கி வைத்து, ஊட்டும் வேலையை நோயாளிகளின் உறவினர்களிடமே ஒப்படைத்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. படிக்காதவர்களை நம்பி மருந்தைக் கொடுக்கலாமா என்று பெரிய மருத்துவர்கள் பலர் அன்று தயங்கினார்கள். அவர் இறந்தது எங்கள் ஊரில் காலரா வந்த அதே 2022-இல், அக்டோபரில். அந்த ஆண்டு நான் எடுத்த வகுப்புகளில் அவரைப் பற்றிப் பேசாத வகுப்பு இல்லை.

வெளியூர் ஆட்களுக்குத் தெரியாத சிரமம் ஒன்று எங்களுக்கு உண்டு. மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரிக்கு அனுப்ப வேண்டுமானால் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள் ஓடிப் போய், மறுபடி புதுச்சேரிக்குள் நுழைய வேண்டும். 130 கிலோமீட்டருக்கு மேல். சாலை நன்றாக இருந்தாலும் மூன்று மணி நேரத்தை ஒட்டிப் போகும். ஆம்புலன்ஸில் உள்ள சின்ன சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். ஆக, ஒரு சிலிண்டரோடு கிளம்பினால் கடலூரைத் தாண்டும்போது முள் சிவப்புக்கு வந்துவிடும். பெருக்கல் வகுத்தல் தெரியாத டாக்டர் யாருமில்லை. ஆனால் “எத்தனை லிட்டர் வெச்சிருக்கீங்க டாக்டர்? அப்ப இன்னொண்ணு ஏத்திக்கிறேன்” என்று கிளம்பும் முன் கேட்டவர் ஓட்டுநர்தான். அந்த அண்ணனைத் தெரியாமல் யாரும் நோயாளியோடு ஏறக் கூடாது என்பது எங்கள் பிரிவில் நான் போட்ட விதி. அனுப்புகிற கடிதத்தில் “மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது” என்று ஒற்றை வரி எழுதுவதையும் தடை செய்தேன். என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு, அடுத்தது எத்தனை மணிக்கு. இதை எழுதி, அங்கே டியூட்டியில் இருப்பவரிடம் போனிலும் சொல்ல வேண்டும். முகம் பார்க்காத அந்த டாக்டரும் நம் ஆள்தான்.

இத்தனைக்கும் நடுவில் அமைப்பே எதிராக நிற்கிறது. 2021-இல் வந்த ஹவுஸ் சர்ஜன் விதிமுறைப்படி அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் இருப்பது இரண்டு வாரம். சிஸ்டருக்கு அவன் பெயர் மனதில் பதியும்போது அவன் வேறு பிரிவுக்குப் போயிருப்பான். அவனுக்கோ எல்லோரும் ‘சிஸ்டர்’, எல்லோரும் ‘பிரதர்’, எல்லோரும் ‘அக்கா’. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்குச் சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தபோது, கத்தியை எடுக்கும் முன் அறையில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைச் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. பெயர் சொன்னதால் மட்டும் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் தெரிந்தவரிடம் ‘நிறுத்துங்க’ என்று சொல்வது எளிது. அதனால் எங்கள் பிரிவில் ஷிப்ட் தொடக்கத்தில், ஆயா உட்பட, எல்லோரும் பெயர் சொல்கிறோம்.

ஹவுஸ் சர்ஜனின் லாக்புக்கில் கையெழுத்துப் போடுவது மருத்துவர் மட்டும். நான் போடும் முன் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்கிறேன்: சொன்னால் கேட்கிறானா? தெரியாததைத் தெரியாது என்கிறானா? அவர் தலையசைத்த பிறகுதான் பேனாவை எடுப்பேன். சக மருத்துவர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. நர்ஸ் டாக்டருக்கு மார்க் போடுவதா என்று ஒருவர் நேராகவே கேட்டார். இரவு முழுக்க அந்தப் பையனோடு நின்றவர் அவர்தான், நானோ நீங்களோ இல்லையே என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் விடவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் படிவத்திலேயே செவிலியரின் கையெழுத்துக்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கேட்கிற இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை எங்கள் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனுக்கும் முதல் நாள் வேலை ஒன்றுதான். காலை எட்டு மணிக்கு முன்னால் வந்து, செவிலியர் ஹேண்டோவரில் கட்டில் கட்டிலாகக் கூடவே போய், என்னென்ன பாக்கி என்று கேட்டு எழுதி, ஒன்பது மணி ரவுண்ட்ஸில் அதை என்னிடம் சொல்ல வேண்டும்.